முனியாண்டிக்கு மூன்று ஹாரன்

புக்கிட் பெலண்டோக்கிலிருந்து சிரம்பான் போகும் சாலையை, நான் கல்லூரியில் சேர்ந்தபோது அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். நான் படித்து முடித்துச் சாலைப் பொறியாளராகவே ஆகிவிட்டேன். அவர்கள் இன்னும் முடிக்கவில்லை. வேலை செய்வது வேறு கம்பெனியில் என்றாலும், வீட்டில் அந்தச் சாலையின் எல்லாக் குழிகளுக்கும் நான்தான் பொறுப்பு.

அண்ணன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை முன்னாலேயே போய்விட்டான். தாலி, பின்னால் நான் ஓட்டி வந்த காரில் அப்பாவிடம் இருந்தது. முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில், கொடியோடு நின்ற சாலைப் பணியாளர் எங்களை நிறுத்தினார். பக்கத்தில் தகரத் தடுப்பு. அதற்குப் பின்னால் எஸ்டேட் முனியாண்டி கோயில். அதைக் கடக்கும் நம்மவர்கள் மூன்று முறை ஹாரன் அடிப்பது வழக்கம். அப்பா குறுக்கே எட்டி என் ஹாரனை மூன்று முறை அழுத்தினார்.

பணியாளர் முறைத்துக்கொண்டே வந்தார். "நானா அண்ணே ரோட்ட தோண்டுனேன்? எனக்கு எதுக்குலா ஹாரன்?"

"உனக்கில்லப்பா, சாமிக்கு. கார்ல தாலி இருக்கு."

"சாமியா? அவர எதிர்ப்பக்கம் மாத்தி ஒரு வருஷமாச்சு. இங்க இருக்கிறது எங்க கக்கூஸு. அதான் உள்ள போறவன்லாம் பதறி ஓடி வர்றானா!"

அப்பா எதிர்ப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அடிம்மா," என்றார். மறுபடி மூன்று முறை அடித்தேன். பணியாளர் சிரித்தபடி வழிவிட்டார்.

கெட்டிமேளத்துக்கு முன் தாலி போய்ச் சேர்ந்தது. அது முனியாண்டி செயல் என்கிறார் அப்பா. எந்த மூன்று ஹாரனுக்கு என்று நான் கேட்பதில்லை.