கொழும்பில் ஒரு மதியச் சாப்பாடு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் நானும் மனைவியும் சென்னை சாந்தோமிலிருந்து கொழும்புக்குப் போனோம். அங்கே குமாஸ்தாவாக இருந்த எங்கள் ஒரே மகன் டைபாய்டில் இறந்திருந்தான். கல்லறையைப் பார்த்துவிட்டு, அவன் தினமும் சாப்பிட்ட ஹோட்டலைத் தேடிப் போனோம். லீவில் வந்தபோது, "நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரியே கீதும்மா. கேட்டுக் கேட்டுப் போடுறாங்க" என்று சொல்லியிருந்தான்.

சோறு ஆறிக் கட்டிகட்டியாக இருந்தது. ரசத்தில் புளிப்பைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு அப்பளம் கேட்டேன்.

"ஒரு சாப்பாட்டுக்கு ஒண்ணுதான். தின்னுட்டுச் சட்டுனு எந்திரியும், ஆளு நிக்குது" என்றார் பரிமாறியவர். பின்னால் இடத்துக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

முதலாளியைக் கூப்பிட எழுந்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"இன்னாத்துக்குங்க சண்ட? இதத்தானே நம்ம புள்ள தெனமும் துன்னுக்கினு இருந்தான்? நான் கவலப்படுவேன்னு நல்லாக் கீதுன்னு சொல்லிட்டான், பாவி."

உட்கார்ந்தேன். அவள் பரிமாறிய அந்த மனிதரிடமே, "இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா" என்று கேட்டாள். இருவரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

தந்தி வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. கை கழுவும் இடத்தில்தான் வந்தது.

வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் சாப்பாடு பிரமாதம் என்று சொன்னால், இப்போதெல்லாம் என்னால் அதற்கு மேல் கேட்க முடிவதில்லை.