வெள்ளிக்கிழமை வானொலியில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் வீடு தேடி வந்து, படத்துக்குப் பூப்போட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். கட்டுரையை அடக்கமாக எழுது என்று மாமா சொல்லியிருக்கிறார். மாமா என்றால் அக்காவின் கணவர். எதையும் அடக்கமாகவே செய்து பழகியவர். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை நிற்காது. அழுகைக்கு முன்னால் உற்சாகம் வந்து நிற்கிறது. யாரும் தவறாக நினைக்க வேண்டாம். அவரோடு பழகியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அக்கா பிறந்தது பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். சொந்த நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார், நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். மூட்டை முடிச்சுகளோடு வந்த ஒரே ஆடம்பரம் நைனாவின் டிரான்சிஸ்டர். அரசு வானொலியில் அப்போது சாயங்காலம் கொஞ்ச நேரம் மேல்நாட்டுச் சங்கீதம் வரும். அந்த நேரம் பார்த்து ஊரே ரேடியோவை அணைத்து பேட்டரியை மிச்சப்படுத்தும். எங்கள் வீட்டில் மட்டும் அக்கா அணைக்க விடமாட்டார். "இந்தப் பொம்பள இன்னாத்துக்கு இப்டி கத்துதுன்னு தெரியாம நான் சோறு துன்ன மாட்டேன்" என்று அடம் பிடித்ததை அம்மா கடைசிவரை சொல்லிச் சிரித்தார்.

பத்தாவது முடித்ததும் அக்கா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய சம்பளத்தில்தான் நான் படித்தேன், லைசென்ஸ் எடுத்தேன், கம்பெனி பஸ் டிரைவர் ஆனேன். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த எலெக்ட்ரீஷியனாக இருந்த மாமாவைக் கைப்பிடித்தார். மாமா தங்கமானவர், அது அக்காவின் அதிர்ஷ்டம். குழந்தை மட்டும் வாய்க்கவில்லை. அதற்காக உறவில் சிலர் அக்காவை வளைகாப்புகளுக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். பெயர் சொல்லமாட்டேன், இந்த மலரை அவர்களும் படிக்கிறார்கள். பிறகு யாராவது மனதாரக் கூப்பிட்டாலும் அக்கா அந்த விசேஷத்துக்கு மட்டும் போகமாட்டார். பணம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை சமுதாய வானொலி தொடங்கியது. உள்ளூர் ஆட்களே பேசுகிற, சுற்றுவட்டாரத்தில் மட்டும் எடுக்கிற சின்ன நிலையம். ரத்த சோகை பற்றி வாசிக்கப் பெண்கள் தேவை என்றார்கள். வாசிக்கப் போன அக்கா, வாசித்து முடித்ததும் எழுந்து வராமல், "எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம் குடுங்க சார், பாட்டு போடறேன்" என்று பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறார். சினிமா பாட்டு என்று நினைத்து அவரும் சரி என்றுவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது வண்டவாளம். முதலில் எங்கள் மாரியம்மன் கோயில் பம்பைக்காரரின் அடி, அக்காவே போய்ப் பதிவு செய்தது. அடுத்து கர்நாடக சங்கீதத்தில் ஒரு வீணை. அதற்கடுத்து ஜாஸ். ஊதுகிறவர் பாட்டை விட்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு, சரியாக வந்து சேர்ந்துகொள்வாரே, அந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் சங்கீதம். கடைசியில் ஓபரா. "அது அவுங்க ஊரு கூத்துங்க. வசனத்தக்கூட பாடித்தான் பேசுவாங்க" என்று அக்கா விளக்கம் சொன்னார். உரிமைச் சிக்கல் இல்லாத பழைய பதிவுகளைத் தேடித் தேடி எடுத்து வைத்திருந்தார்.

அக்காவுக்கென்று ஒரு முறை இருந்தது. ராகம், வாத்தியம் எதையும் முதலில் சொல்லமாட்டார். அந்தப் பாட்டு எந்த வேலைக்கு, எந்தக் காரியத்துக்கு ஏற்றது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். இது துணி மடிப்பதற்கு நன்றாக இருக்கும், இது சப்பாத்தி மாவு பிசைவதற்கு, இது மாமியாரோடு சண்டை போட்டு முடித்த பிறகு கேட்பதற்கு என்பார். வாயைத் திறந்தால் சிரிப்புதான்.

ஜெனரல் ஷிப்ட் விட்டு பஸ் கிளம்பும் நேரம் அது. உடன்பிறந்த பாவத்துக்கு என் பஸ்ஸில் அதைத்தான் வைப்பேன். "டிரைவரே, உங்க அக்காவ கொஞ்சம் ஆஃப் பண்ணுப்பா, பேஜாரா கீது" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வரும். குறிப்பாக கிரேன் ஓட்டுகிற மாரி அண்ணன். கவரைப்பேட்டை தாண்டினால் சிக்னல் போய்விடும் என்பதால் நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவதாகக் கம்பெனியில் புகார்கூடச் சொன்னார். புகார் உண்மைதான்.

வானொலி நிலையத்துக்கோ ஒரு போன்கூட வரவில்லை. பொறுப்பாளர் நல்லவர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். பொங்கல் வரை பார்க்கலாம், அதற்குள் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அந்த நேரம் சினிமா பாட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. வாழ்க்கையில் அவர் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்தச் சமயத்தில் அவர் ஓர் இத்தாலிய ஓபரா பாட்டைப் போட்டார். ஒரு பெண் தனியாகப் பாடுவது. மெல்ல ஆரம்பித்து, ஏறி, உச்சியில் நின்று, கண்ணாடி வளையலை இறக்கி வைப்பதுபோல் பதமாகக் கீழே வரும். அக்காவுக்குப் பாஷை தெரியாது. வழக்கம்போல் காரியத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று, "ஒரு தாய் பொண்ண வாழ்த்தற மாதிரி கீது. வளைகாப்புக்கு ஏத்த பாட்டு" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், போன் வந்துவிட்டது. பேசியவர் அமுதா. சிப்காட்டில் பேக்கிங் பிரிவில் வேலை செய்த பெண், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தனக்கு வளைகாப்பு, அந்தப் பாட்டு வேண்டும், அக்காவும் கட்டாயம் வர வேண்டும் என்றார். பாட்டு போனது, அக்கா போகவில்லை. மைக் செட்காரர் அதை லவுட் ஸ்பீக்கரில் போட, தெருவே கேட்டது. அப்புறம் ஒரு கிரகப்பிரவேசத்தில் போட்டார்கள், ஒரு காதுகுத்தில் போட்டார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு நேயருக்குத் தவம் கிடந்தவருக்கு மைக் செட்காரர்களே நேயர்களாகிவிட்டார்கள்.

அமுதா வீட்டுத் தெருக்கோடியில் இருக்கும் தேவாலயத்தின் ஃபாதர் ரோமாபுரியில் படித்தவர். ஒருநாள் அக்காவைத் தேடி வந்தார். பொறுமையாக டீ குடித்தார். பிறகு தயங்கித் தயங்கி, அது வாழ்த்துப் பாட்டு இல்லை என்றும், கைவிடப்பட்ட ஒரு பெண் சாகப்போகிற நேரத்தில் அழுது பாடுவது என்றும் சொன்னார்.

அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அமுதாவுக்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. பிள்ளை பெறாதவள் கொடுத்த பாட்டு, அதுவும் சாவுப்பாட்டு, வளைகாப்பில் ஒலித்திருக்கிறது. நாளை அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தால்கூட ஊர் யாரைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். பொறுப்பாளர், விட்டுவிடுங்கள், இத்தாலி பாஷை இங்கே யாருக்குத் தெரியும், இப்போதுதான் போன் வர ஆரம்பித்திருக்கிறது என்றார். நானும் மாமாவும்கூட அதையேதான் சொன்னோம்.

"தெரியாம சொன்னது தப்பு. தெரிஞ்சி மூடி வெச்சா அது வேற" என்று அக்கா செருப்பை மாட்டினார். முதலில் அமுதாவிடம், பிறகு வானொலியில் என்று முடிவு செய்துவிட்டார். என் வண்டியில்தான் கூட்டிப்போனேன்.

அமுதா வாசலிலேயே நாற்காலி போட்டார். மாமியார் பக்கத்தில் நின்றார். அக்கா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் முகம் சுருங்கியது. அமுதா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது அழுவுற பாட்டுன்னு எனக்கு தெரியும்க்கா" என்றார் அமுதா. "கேக்க சொல்லவே தெரிஞ்சிச்சி. எங்கம்மா செத்து ரெண்டு வருசம் ஆவுது. அது இருந்திருந்தா எனக்கு வளையல் போட சொல்ல இப்டித்தான் அழுதுகினே போட்டிருக்கும். நம்ம விசேஷத்துக்கு அழறதுக்கு ஆளு இல்லியேன்னு இருந்திச்சி. அதான் கேட்டேன்."

அமுதா உள்ளே போய், அன்றைக்கு அக்காவுக்கென்று எடுத்து வைத்திருந்த வளையல்களைக் கொண்டுவந்து, "கையக் காட்டுக்கா, அன்னிக்கி ஏன் வர்ல?" என்று கேட்டபடியே போட்டுவிட்டார். மாமியார் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குங்குமச்சிமிழை எடுத்து நீட்டினார். திரும்பி வரும்போது வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அக்கா அழுதுகொண்டே வந்தார். சந்தோஷ அழுகைதான், எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் எப்படி எழுதுவேன்! பஸ்ஸில் ரேடியோவை வைத்தேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பாட்ட வளைகாப்புக்கு ஏத்ததுன்னு சொன்னேன். பாஷ தெரியாம நானா சொன்னது. அது சாவப்போற பொண்ணு பாடறது. உங்க ஊட்டு விசேஷத்துல போட்டவங்க என்ன மன்னிச்சிக்கங்க. இப்ப அதயே திரும்ப போடறேன். இன்னா பாட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு நீங்க சொல்லுங்க" என்றார்.

கவரைப்பேட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் போய்விடுமே என்று நான் ஒரு டீக்கடை ஓரமாக பஸ்ஸை நிறுத்திவிட்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. பாட்டு முடிந்தது. முதல் போன், கிரகப்பிரவேசத்தில் அதைப் போட்ட அம்மா. நார் நாராகக் கிழித்தார். திட்டி முடித்துவிட்டு, "ஆனாலும் நல்லாத்தான் பாடுது, இன்னொரு வாட்டி போடு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அடுத்து ஒருவர், அது வெளிநாட்டில் இருக்கும் கணவனை நினைத்துப் பாடுவதுபோல் இருக்கிறது என்றார். இன்னொருவர், சொன்ன பேச்சைக் கேட்காத மகனை நினைத்துத் தாய் புலம்புவது மாதிரி என்றார். போன் வந்துகொண்டே இருந்தது. திடீரென்று ஸ்பீக்கரில் கேட்ட ஒரு குரல் பஸ்ஸுக்குள்ளும் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கடைசி சீட்டில் குனிந்துகொண்டு போனில் பேசுகிறார் மாரி அண்ணன். இது எங்கள் ஊர்க் கூத்தில் துகிலுரியும்போது பாஞ்சாலி பாடுவது மாதிரியே இருக்கிறது, அந்தக் கூத்துப் பாட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியுமா என்று கேட்டார். பஸ் முழுக்கக் கைதட்டல். அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போனார்கள், கம்பெனியில் புகார் ஒன்றும் வரவில்லை.

பொங்கல் வந்தது, போனது, அக்காவின் நேரம் நிலைத்தது. அமுதாவுக்குச் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதன்பிறகு வந்த ஆண்டுகளில் எல்லைக்கு அந்தப்பக்கத்துத் தெலுங்கு நாட்டுப்பாடல், இருளர் பாட்டு, நாதஸ்வரம், கிளாரினெட் என்று அக்கா போடாதது இல்லை. கேட்பவர்களையும் கேள்வி கேட்டுக் கேட்டுப் பேச வைத்தார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டே காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுத் தேர்ந்தெடுத்தார், போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். நர்ஸ்களையும் கேட்க வைத்தார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்தபோதும், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்ன என்று கையால் கேட்பார். ஒரு வியாழக்கிழமை மாலை அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைத் தாயாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கு எங்கள் நன்றி. இறுதி ஊர்வலத்துக்கு வண்டி கொடுத்து, தாங்களும் வந்து தோள்கொடுத்த என் பஸ் பயணிகளுக்கும், முன்னால் நின்ற மாரி அண்ணனுக்கும் நன்றி. இன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்தை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே நடத்தும் அமுதாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்பிக் குளித்து உட்கார்ந்தது வெள்ளிக்கிழமை மாலை. மாமா ரேடியோவை வைத்தார். அக்காவுக்கு மரியாதை செலுத்தும் விதமாக இந்த நேரத்தில் இன்று பாடல் எதுவும் ஒலிபரப்பாகாது என்று பொறுப்பாளர் அறிவித்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எங்களுக்கு அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை. சற்று நேரத்தில் ஒரு போனை அவர் இணைத்தார். ஒரு பெண் குரல், நல்ல கோபத்தில் இருந்தது.

"அந்தம்மா செத்துட்டா பாட்டும் சாவணுமா சார்?"

பொறுப்பாளர் தடுமாறி, சினிமா பாட்டு ஏதாவது போடட்டுமா என்று கேட்டார்.

"சினிமா பாட்டு எல்லா ஊட்லயும் கீது. இது அவுங்க நேரம். அவுங்க போடறதயே போடு."

உடனே ஒரு சாக்ஸஃபோன் கிளம்பியது. மாமா அப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டு அழுதார். முகம் தெரியாத அம்மா, இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் அக்கா ஜெயித்துவிட்டார் என்று எங்களுக்குச் சொன்னது நீங்கள்தான்.