சிறுவிரலில் குத்தியது, பெருவிரலில் வீங்கியது

பவுலு அண்ணன், என் வலது கையை அழுக விட்டது நீங்கள்தான். இந்தச் செபக்கூட்டத்துக்கு முன்னால் நின்றுதான் சொல்கிறேன். இது என் சாட்சி.

நான் கற்பிட்டியில் கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவள். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை கெளிறு மீனின் முள் என் சிறுவிரலில், உள்பக்கமாக ஏறியது. செத்த மீன்தான். ஆனாலும் அதன் முள்ளில் விஷம் இருக்கும். நம் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன். விஷம் ஏறாமல் மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டினேன். நம் செபக்குழுவை நடத்தும் இந்தப் பவுலு அண்ணன் வந்து அதை அவிழ்த்து, செபித்த கயிற்றைக் கட்டினார். ஒன்பது நாள் நவநாள் செபம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது, ஆசுபத்திரிக்குப் போகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்றார்.

செவ்வாய், விரல் கொக்கி போல மடங்கி நின்றது. நீட்டினால் உயிர் போனது. புதன், உள்ளங்கைக் குழி மறைந்துவிட்டது. வியாழன், பெருவிரல் வீங்கியது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. நடு மூன்று விரல்களிலும் அப்படி வீக்கம் இல்லை. முள் குத்தாத பெருவிரல் ஏன் வீங்க வேண்டும்?

"பாருங்க, விஷம் பெருவிரலால வெளிய போகப் போகுது. இது அடையாளம்" என்றார் அண்ணன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டப் பார்த்தேன். முடியவில்லை.

வெள்ளி காலை காய்ச்சல். கை மணத்தது. உப்புப் படாமல் அழுகிய மீனின் மணம். "ஆண்டவரே, இந்தக் கை போனால் என் பிள்ளைகள் என்ன தின்னும்? யாரையாவது அனுப்பும்" என்று அழுதேன்.

அவர் பரீதாவை அனுப்பினார். வாடியில் என் பக்கத்தில் இருந்து வெட்டுகிற முஸ்லிம் பெண். என்னைத் தேடி வந்தவள், கையைப் பார்த்ததும் கத்தியை எடுத்தாள்.

"கயித்த வெட்டாத, ஆண்டவர் கோவிப்பார்" என்றேன்.

"கோவிச்சா என்ட பேரச் சொல்லு. எழும்புடி!"

தோலுக்குள் புதைந்திருந்த கயிற்றை அறுத்து, என்னை ஓட்டோவில் ஏற்றினாள்.

ஆசுபத்திரியில் டொக்டர் தன் கையை விரித்துக் காட்டினார். "விரலை மடக்கிற நாருக்கு மேல ஒரு உறை இருக்கு. சிறுவிரல் உறை மணிக்கட்டு வரைக்கும் போகுது. அங்க பெருவிரல் உறையோட சேருது. சீழ் அந்த வழியாலதான் போயிருக்கு. நடு விரல்கள்ட உறை உள்ளங்கையிலயே முடியுது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கையை எடுத்திருப்பம்."

இரண்டு தரம் கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். சிறுவிரல் இன்னும் முழுதாக நீளவில்லை. ஆனாலும் கத்தி பிடிக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி. முன்பு பயத்தில் செபித்தேன், இப்போது கண்ணைத் திறந்துகொண்டு செபிக்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

முந்தாநாள் நம்மோடு செபிக்கிற ரொசலினுக்கும் கெளிறு குத்தியது. இதோ, மூன்றாம் வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மணிக்கட்டிலும் அண்ணன் கட்டிய கயிறு. காலையில் கெஞ்சிப் பார்த்தேன். "பவுலு அண்ணன் சொன்னாத்தான் அவிழ்ப்பன், அக்கா" என்கிறாள். அவள் விரல் மடங்கத் தொடங்கிவிட்டது. வெளியே ஓட்டோ நிற்கிறது.

அண்ணன், எழும்புங்கள். என் பெருவிரல் வீங்கியது அடையாளம் என்று உங்களுக்கு யார் சொன்னது? எல்லோர் முன்னாலும், ரொசலினின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.