எதிர்வீட்டு வாசலில் வைக்காத பை

மல்லாபூரில் மூன்றாவது நாளாக மழை அடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, பால் வரவில்லை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஊரே மிதந்தபோது என் கணவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அனுமதி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி செகந்திராபாத் போய் டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். புதன்கிழமை மழையில் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கால்கள் வீங்கி, தலையணையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கினார். அன்றைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கப் பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும். அது ராகு காலம். அதனால் பத்தரைக்கு முன்பே போர்வையும் ஃபைலும் உள்ள பையை எதிர்வீட்டு வாசலில் வைத்துவிடுவேன். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும், கல்யாணம் ஆன நாளாக நான் இப்படித்தான்.

அன்று பாலும் மெழுகுவர்த்தியும் தேடிப் போனேன். மூன்று கடைகள் மூடியிருந்தன. நாலாவதில் கிடைத்து வீடு திரும்பும்போது பத்தே முக்கால். பை கூடத்திலேயே இருந்தது. மழை விட்டு, தெருத் தண்ணீரும் கணுக்காலுக்கு வடிந்திருந்தது. எங்கள் வழக்கமான ஆட்டோக்காரர், கூப்பிடாமலே முன்கூட்டி வந்து நின்றார்.

"அம்மா, அபீச் சலோ. பாத் மே நக்கோ!" என்று, அப்புறம் வேண்டாம், இப்போதே கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தினார். ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் வடிந்திருக்கிறதாம், மறுபடி பெய்தால் வண்டி போகாதாம்.

"போயிடலாமே" என்றார் என் கணவர்.

"பன்னெண்டு ஆகட்டும்ங்க. இந்த நிலைமையில உங்கள ராகு காலத்துல கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அவர் வாதாடவில்லை. வாதாட மூச்சு இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், பாவி.

ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். பதினொன்றரைக்கு வானம் இருண்டது. பன்னிரண்டு ஆனதும் வலது காலை முதலில் எடுத்து வைக்கச் சொல்லி என் கணவரை மெல்ல இறக்கி, காத்திருந்த ஆட்டோவுக்குக் கூட்டிப்போனேன். அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பாலத்தடியில் ஆட்டோ நின்றுபோனது. தண்ணீர் இருக்கையைத் தொட்டது. ஆட்டோக்காரர் பின்னாலிருந்தும் நான் பக்கவாட்டிலிருந்தும் தள்ளினோம். உள்ளே அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. மேட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காரியத்துக்கு ஆட்டோக்காரர் வீட்டுக்கு வந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகன், அன்றைக்கு எத்தனை மணிக்கு வண்டி கொண்டுவந்தீர்கள் என்று இந்தியில் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாரா பஜே" என்றார். பன்னிரண்டு மணிக்குத்தானாம். அதுவரை மழை விடவே இல்லையாம்.

மகன் என் தோளை அணைத்துக்கொண்டான். "நீ என்னம்மா பண்ணுவே? இட் வாஸ் த ரெயின்" என்றான்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.