கஞ்சக்கா சீவிய மூன்று ஸ்லைடுகள்

பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காசு விஷயத்தில் அவள் தாராளம். டீ வாங்கிக் கொடுக்க அவள் கைதான் முதலில் நீளும். கஞ்சத்தனமெல்லாம் சதையில்தான். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலைதான். ஒரு சீவல் வீணானாலும் புதிதாக வந்தவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

“அது என்ன கத்தரிக்காயா, போனா போகுதுன்னு இன்னொண்ணு வாங்க? நாளைக்கு வேற டெஸ்ட் கேட்டா எங்கேருந்து எடுப்பே?”

அப்படிப்பட்டவளின் மேசைக்குச் சொந்தத் தம்பியின் மெழுகுக் கட்டி வந்தது. பெருங்குடலில் தொடங்கிய புற்று கல்லீரலுக்கும் போயிருந்தது. அங்கே ஊசியால் குத்தி எடுத்த துணுக்கு நூலிழை அளவுதான் இருந்தது. டாக்டர் கேட்டிருந்தது ஒரு புரதச் சோதனை. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பழுது இருந்தால், சாயம் ஏற்றியதும் அந்தப் புரதம் பழுப்பாகத் தெரியும். தெரிந்தால் நோய் வேகமாக ஓடும் என்று அர்த்தம். மரபணுச் சோதனையிலும் அது உறுதியானால் அதற்கென்று உள்ள மருந்தைத் தொடங்கலாம். அந்தச் சோதனைக்கு மிச்சத் துணுக்கு வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதெல்லாம் அவள் சொல்லுவாள்.

முதல் ஸ்லைடு பழுப்பாக வந்தது. டாக்டருக்கு அனுப்பாமல் அவளே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சாயம் கூடிப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஒப்பிடுவதற்காக அதே கண்ணாடியில் ஒட்டியிருந்த பழுதில்லாத துணுக்கில் பழுப்பின் சாயல்கூட இல்லை. மனசு கேட்கவில்லை. மறுபடி சீவினாள். பழுப்பு. மூன்றாம் தடவை அவசரத்தில் நாலைந்து சீவல் சுருண்டு கிழிந்தன. கடைசியில் ஒட்டியதிலும் பாழாய்ப்போன அதே நிறம்.

அதை டாக்டரிடம் கொடுத்தாள். மரபணுச் சோதனைக்கு அவர் மெழுகுக் கட்டியைக் கேட்டபோதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் மெழுகு. ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

“மறுபடி குத்தித்தான் எடுக்கணும். ஆனா அவருக்கு ரத்தம் சரியா உறையல. ரெண்டு வாரமாவது பொறுக்கணும்” என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். தம்பி பஸ் ஓட்டுகிறவன், எதையும் சிரிப்பாக்கிவிடுவான்.

“என்னக்கா, மறுபடி ஊசியாமே? என் ஈரல் மேல உங்க ஆளுங்களுக்கு அவ்வளவு ஆசையா?”

வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் தலையிலோ பழியைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

“வேற யாரும் இல்லடா, நான்தான். மூணு தடவை சீவிட்டேன். தீர்ந்துபோச்சு.”

“யாரு, கஞ்சக்காவா?” என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“நல்லபடியா வந்திருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பே, இல்லக்கா?”

சோதனை முடிவை நோயாளியிடம் சொல்வது அவள் வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. மூன்று தடவை சீவியதைச் சொன்னதிலேயே தம்பியிடம் அதைச் சொல்லிவிட்டாள்.