எழுதியவர் இந்த அறைக்குள் இருக்கிறார்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்களுக்குத் தருவார்கள். எங்கள் வாசகர் வட்டம் அங்கேதான் கூடும். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி, நனைந்த கோட்டோடு வந்து சேர்வார்கள். நாங்களே தட்டச்சுச் செய்து, போட்டோக்கொப்பி எடுத்து ஒரு சஞ்சிகையும் நடத்தினோம். அதில் எந்தக் கதைக்கும் எழுதியவர் பெயர் இருக்காது. பலருக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. ஊரில் இருந்தவர்களை நினைத்தும் பயம். பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. யார் எதை எழுதினார் என்பது சஞ்சிகையைத் தொகுத்த அண்ணைக்கு மட்டும் தெரியும். மனிதர் வாயைத் திறக்க மாட்டார்.

ஒரு கதையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அவர் சொல்வது ஒன்றுதான்: “எழுதின ஆள் இஞ்சதான் இருக்கிறார். இனிக் கதையுங்கோ.”

வெளியே ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுகிற ஆட்கள், அதைக் கேட்டதும் சொல்லை அளந்து பேசுவார்கள். வடைத் தட்டை நீட்டுகிற கை அந்தக் கதையை எழுதிய கையாக இருக்கலாம் அல்லவா? குறை சொல்லாமல் விட்டோம் என்றில்லை. நன்றாகவே சொன்னோம். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். எந்த முகம் என்று தெரியாததால் எல்லா முகத்தையும் பார்த்தோம்.

என் முதல் கதை வந்த அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுதியவரும் கருத்துச் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் பிடிபட்டுவிடுவார். என் முறை வந்ததும், பிடிபடாமல் இருக்க என் கதையை நானே போட்டு அடித்தேன்.

“இதெல்லாம் ஒரு கதையே? முடிவே இல்லை” என்றேன்.

வெதுப்பகத்தில் பாண் சுடுகிற வேலை செய்த ஒருவர் கோபத்தில் எழும்பிவிட்டார். “அக்கா, நீங்கள் சொல்லுறது பிழை. இதை வாசிச்சுப்போட்டு எனக்கு நித்திரையே வரேல்லை. நீங்கள் இப்பிடிக் கதைச்சால் அந்த ஆள் இனி எழுதுவாரே?”

நான் குனிந்து தேநீர் ஊற்றினேன். கண் கலங்கியதை ஒருவரும் காணவில்லை. அந்த மனிதர் அன்று கோபிக்காவிட்டால் நான் இரண்டாவது கதை எழுதியிருக்க மாட்டேன்.

வட்டம் இப்போது இல்லை. பாதிப் பேர் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பிற்பகல்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. இப்போது நான் முகநூலில் எழுதுகிறேன், சொந்தப் பெயரில், படத்தோடு. இங்கே பெயரை மறைத்துக்கொண்டிருப்பது வாசிக்கிறவர். ரோசாப்பூப் படம் போட்ட ஒரு கணக்கு நான் எதை எழுதினாலும் வந்து திட்டும். “கிழவிக்கு வேறை வேலை இல்லையோ?” என்றுதான் தொடங்கும்.

“அம்மா, புளொக் பண்ணிவிடுங்கோ” என்றாள் மகள்.

எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் நுனிப்புல் மேய்ந்துவிட்டுக் கைகூப்பும் படம் போட்டுப் போய்விடுவார்கள். ரோசாப்பூதான் கடைசி வரி வரை வாசித்தது. என் கதையொன்றில் கோபித்துக்கொண்டு போன மாமியார் காரணமில்லாமல் திரும்பி வந்ததை நம்ப ஏலாது என்று ஒருமுறை ஏசியது. உண்மைதான், எனக்கும் அந்த இடம் உறுத்தியது. இத்தனை நன்றாக வாசிக்கிற ஆளுக்கு ஏன் இந்த வாய் என்று ஆத்திரமும் வந்தது, ஆளை நேரில் பார்க்க ஆசையும் வந்தது.

கடைசியில் பதில் எழுதினேன்: “நீங்கள் சொன்ன பிழை சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மிச்சத்தையும் திட்டலாம்.”

அடுத்த நாள் அந்தக் கணக்கே இல்லை. மகளுக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகு ஒரு கதை போட்டேன். தொடக்கத்தில் செத்துப்போன மனிதர் முடிவில் பந்தியில் உட்கார்ந்து கலியாணச் சாப்பாடு சாப்பிடுகிறார். என் கவனப் பிசகு. போட்ட பிறகுதான் கண்டேன். திருத்தாமல் விட்டுப் பார்த்தேன். “அருமை அக்கா”, “அருமை” என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. செத்தவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.