நைனாவுக்கு நாற்பத்தொரு பிள்ளைகள்

சந்தேகப் பதிவுகள் என்று கணினி எடுத்துக்கொடுத்த பட்டியலில் முதலில் நின்றவருக்கு நாற்பத்தொரு பிள்ளைகள். மூத்தவருக்கு வயது அறுபத்திரண்டு, கடைக்குட்டிக்குப் பத்தொன்பது. அத்தனை பேரும் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் நாற்பத்தொரு பேருக்கும் ஒரே பெயர் இருந்தது. நைனா.

“இவருக்கு ரேசன் கார்டு போட்டா தனியா ஒரு கடையில்ல தெறக்கணும் மேடம்” என்றார் எங்கள் உதவி இயக்குநர். மதுரைக்காரர். எதையும் சிரிக்காமல் சொல்வார். நானும் சிரிக்கவில்லை. எனக்கு அதற்குள் மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது தொழிலாளர்களைப் பதிவு செய்து, குடும்பத்துக்கே இலவசச் சிகிச்சை கிடைக்கும் அட்டை கொடுக்கும் ஓர் அரசு முகமையில். திருவள்ளூரில் இருக்கும் அதன் தொழில்நுட்ப, தரவுப் பிரிவுக்கு நான்தான் தலைவி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சர்வர் படுத்தாலும் எனக்குத்தான் திட்டு, பிரிண்டர் படுத்தாலும் எனக்குத்தான் திட்டு. ஆனால் ஒரு சுகம் உண்டு. அடுக்கடுக்கான வரிகளுக்கு நடுவே ஒத்துப்போகாத ஒரு வரி துருத்திக்கொண்டு நிற்கும் பாருங்கள், அதன் பின்னால் போவது. பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று எட்டிப்பார்க்கிற அதே புத்திதான். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

அந்த நாற்பத்தொரு அட்டைகளுக்கும் பூட்டுப் போட்டதும் நான்தான். ஒரே பதிவு முகாமில் பத்துப் பேருக்கு மேல் ஒரே தந்தை பெயரைச் சொன்னால், யாரோ தரகர் போலிப் பதிவு செய்கிறார் என்று அர்த்தம். விசாரித்து முடிக்கும் வரை அந்த அட்டைகளில் யாரும் கைவைக்க முடியாது. இப்படி ஒரு விதியை எழுதி வைத்திருந்தேன். ‘நைனா’ என்று பழவேற்காட்டுப் பக்கம் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆக, எவனோ ஒரு நைனா மாட்டினான் என்றே நினைத்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தொழிற்சாலைச் சீருடையின் நீலச் சட்டையைச் சுடிதாருக்கு மேலேயே போட்டிருந்தாள். வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

“மேடம், எங்க அப்பாக்கு வெள்ளிக்கிழமை ஆர்ட்டு ஆப்பரேசன். என் கார்டுல அப்பா பேரு தப்பா இருக்குதாம். ஆஸ்பத்திரில ஆதார வெச்சிப் பாத்துட்டு, இவரு உங்க அப்பான்னு கார்டு சொல்லலியே, மாத்திக்கினு வாங்கன்னு அனுப்ச்சிட்டாங்க. கீழ கேட்டா பூட்டிக்கீதுன்றாங்க. இந்த வெள்ளிக்கிழமைய வுட்டா அப்புறம் எப்ப கூப்புடுவாங்கன்னு சொல்ல முடியாதாம்.”

அட்டையை வாங்கிப் பார்த்தேன். தந்தை பெயர்: நைனா. வந்ததே கோபம் எனக்கு. தேடிப் போக வேண்டிய ஆள் தானாகவே வந்து நிற்கிறாள்!

“இந்த நைனாவுக்கு உங்களையும் சேத்து நாப்பத்தொரு பிள்ளைங்க. நீங்க எத்தனாவது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய்க்கு என்றைக்கும் பூட்டுப் போட முடிந்ததில்லை.

அவள் முகம் சிவந்துவிட்டது. “யம்மா, ஆபீசருன்னா இன்னா வேணா பேசுவீங்களா? எங்க நைனாவப் பத்தி இன்னா தெரியும் உனக்கு? எங்கம்மா செத்து பன்னண்டு வருசம் ஆவுது, இன்னொருத்திய ஏறெடுத்துப் பாத்துருப்பாரா? நாப்பத்தொரு புள்ளையாம்!”

சத்தம் கேட்டு அலுவலகமே எட்டிப்பார்த்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. எங்க நைனா. என்னைப் பார்க்க வந்தபோது ‘எங்க அப்பா’ என்றவள், கோபம் வந்ததும் ‘எங்க நைனா’ என்கிறாள். அட, நைனா என்றால் அப்பா. அது எனக்கு நன்றாகவே தெரியும். கட்டத்துக்குள் அச்சாகி வந்ததும் யாரோ ஓர் ஆளாகத் தெரிந்துவிட்டது.

“அப்பா பேரக் கேட்டா நைனான்னு சொல்லிட்டீங்களா?” என்றேன்.

“எங்க நைனா பேரு கூடவா எனக்குத் தெரியாது? ஒழுங்காத்தான் சொன்னேன். அந்தப் போனுதான் அப்டி எழுதிக்கிச்சி.”

அந்தப் போன் என் செல்லப் பிள்ளை. முகாமில் படிவம் நிரப்பி மாய வேண்டாம். கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனை நீட்டினால், தொழிலாளி வாயால் சொல்வதைக் கேட்டு அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். அதை உருவாக்க ஒரு வருடம் உழைத்திருந்தோம். ஒருத்தி தப்பாகச் சொல்லலாம். நாற்பத்தொரு பேருமா அப்பா பெயர் தெரியாமல் விழித்திருப்பார்கள்? மன்னிப்புக் கேட்டேன். அரைகுறை மன்னிப்புதான், ஏனென்றால் என் மனது அதற்குள் கவரைப்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே அன்று முகாம் இருந்தது.

அப்பாவையும் மகளையும் அலுவலக ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டேன். அவர்கள் வீடும் அந்தப் பக்கம்தான். பெரியவர் முன்னால் உட்கார்ந்தார். பெரியபாளையம் நெருங்கியபோது அவர் மெதுவாகத் திரும்பினார்.

“நாப்பத்தொரு புள்ளைங்க இருந்தா, எவனாச்சும் ஒருத்தன் இந்நேரம் ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுத்துருப்பானேம்மா?”

ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். மகள் முறைத்தாள். வெட்கமாக இருந்தாலும் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியபாளையத்தில் இறங்கி நாற்பத்திரண்டாவது பிள்ளையாக நானே டீ வாங்கிக் கொடுத்தேன். டாக்டர் சொன்னபடி சர்க்கரை இல்லாமல்.

தொழிற்சாலை வாசலை ஒட்டின தகரக் கொட்டகையில் முகாம் நடந்துகொண்டிருந்தது. ஷிப்ட் விடும் நேரம். வெயில் போன் திரையில் அடித்து எழுத்தே தெரியவில்லை. மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மாள் கேள்வி கேட்டுக் கேட்டுப் போனை நீட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

“அப்பா பேரு இன்னாண்ணா?”

வரிசையில் முதலில் நின்ற ஆள் தலையைச் சொறிந்தார். “நைனா பேரா?” என்றார். ஒரு மூச்சு விட்டார். போன் ‘டிங்’ என்றது. அதற்கப்புறம்தான் பெயரைச் சொன்னார். போன் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டிருந்தது.

இரண்டாவது ஆள். “நைனா பேரா?” மூச்சு. டிங்.

மூன்றாவதாக வந்தவர் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வேலைக்கு வருகிறவராம். “அப்பா பேரா?” என்றார். அவரும் மூச்சு விட்டார். போன் பேசாமல் காத்திருந்தது. அவர் பெயரைச் சொன்னதும்தான் டிங்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இவ்வளவுதானா! ஒருவர்கூடப் பெயரை நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் முதலில் கேள்வியைத் திருப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். ‘அப்பா’ என்பது உறவுச் சொல் என்று போனுக்குத் தெரியும், அதைத் தள்ளிவிட்டுப் பெயருக்காகக் காத்திருக்கும். ‘நைனா’ உறவுச் சொல் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதன் பெயர்ப் பட்டியலில் நைனா என்று ஒரு பெயர் இருந்தது. கிடைத்தது பெயர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

“ஏம்மா, கேட்ட கேள்விய ஏன் திருப்பிக் கேக்கறீங்க?” என்று கூடவே வந்து நின்ற பெரியவரின் மகளைக் கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “பெத்தவரு பேர டக்குனு சொல்லிடுவாங்களா மேடம்? கேட்டதும் பட்டுனு சொன்னா, யாரோ ரோட்ல போற ஆளு பேர சொல்றமாறி இருக்காது?”

இதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அந்த ஒரு மூச்சு மரியாதைக்கு விடுகிற மூச்சு. நானோ ஒன்றரை விநாடிக்கு மேல் யாரும் பேசாமல் இருந்தால் பதில் முடிந்தது என்று எழுதி வைத்திருந்தேன்.

அங்கிருந்தே மதுரைக்காரருக்குப் போன் செய்தேன். உறவுச் சொற்கள் பட்டியலில் ‘நைனா’வைச் சேருங்கள், காத்திருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள், நாற்பத்தொரு பேரின் பூட்டையும் திறக்க இன்றைக்கே என் கையெழுத்துக்கு அனுப்புங்கள் என்றேன்.

“சரி மேடம். இது எந்தப் பக்கத்துச் சொல்லு மேடம்? அப்ப கேட்டேன், உங்க பக்கம் எதுவும் இல்லைனு சொன்னீங்க?”

ஊசி குத்தின மாதிரி இருந்தது. அந்தப் பட்டியலைப் போட்ட நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அவரவர் வீட்டுச் சொல்லைப் போட்டிபோட்டுச் சொன்னோம். இவர் ‘ஐயா’ என்றார். ஒருவர் ‘அத்தா’ என்றார். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி ‘எங்க பாட்டன் அவங்கப்பாவ அப்பாருன்னுதானுங்க கூப்புடுவாரு’ என்று சொல்லிச் சேர்க்க வைத்தாள். என் முறை வந்தது. “உங்க பக்கம் மேடம்?” நான் சொன்னேன்: “எங்க பக்கம் அப்பாதான்.”

பச்சைப் பொய். எங்கள் சொந்த ஊர் ஆந்திர எல்லையோரம். என் அப்பா கழனி வேலையை விட்டுவிட்டுக் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்ட வந்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை அவர் எனக்கு நைனாதான். திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரம், சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த அவரை நான் வாசலில் பார்த்து “நைனா!” என்று கத்தினேன். அவ்வளவுதான். ‘இன்னா நைனா’, ‘வா நைனா’, ‘போ நைனா’ என்று வருடம் முழுக்க என்னைப் பேஜாரு பண்ணிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் அன்றைக்கே ‘அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இருந்த ஒரு சொல்லை நானே மறைத்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை கவரைப்பேட்டையில் ஒரு பெரியவரின் நெஞ்சைச் சுட்டிருக்கும்.

“எங்க பக்கத்துச் சொல்லுதான் சார். நான்தான் சொல்லல” என்றேன். மதுரைக்காரர் முதல் தடவையாகக் கிண்டல் எதுவும் பண்ணவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் திருத்திய அட்டையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். இந்த முறையும் எட்டிப்பார்க்கிற புத்திதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் ஏகப்பட்ட கூட்டம். சீட்டு மேசையில் இருந்தவர் அட்டையையும் ஆதாரையும் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், பெயரை உரக்கக் கூப்பிட்டார். நாங்கள் திருத்தி அச்சடித்த பெயர், ஓர் எழுத்துப் பிசகாமல். பெரியவர் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பயமோ என்னவோ, அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வராததால் மேசைக்காரர் அடுத்த சீட்டை எடுக்கப் போனார்.

“நைனா!” என்றாள் மகள்.

டக்கென்று எழுந்தார். அவர் மட்டும் இல்லை. கூடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இன்னும் இரண்டு மூன்று நரைத்த தலைகள் திரும்பின. தங்கள் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டன. பெரியவர் மகளின் தோளைத் தொட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நர்சின் பின்னால் உள்ளே போனார்.

நான் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். என் அப்பா காக்களூர் வீட்டில்தான் இருக்கிறார். எண்பதைத் தொடப்போகிறது, காது கொஞ்சம் மந்தம், பட்டன் போன். எண்ணைப் போட்டேன். எடுத்தார்.

“நைனா” என்றேன்.

“யாரும்மா? ராங் நம்பரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுபடி போட்டேன். “நைனா, நான்தான்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் பழைய விதிப்படி பதில் முடிந்துபோயிருக்கும். நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

“இன்னாம்மா?” என்றார் பதறிப்போய். “எங்கக்கீற? எதுனா ஆயிப்போச்சா உனக்கு?”

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.